உகண்டாவின் பெயரில்லாப் படம்

உகண்டாவின் மேல் தேநீர்க் கோப்பையை வைத்திருந்தான் அவன்.

கோப்பையின் அடியில் இருந்த ஈரம் விக்டோரியா வாவிக்குள் ஒரு வட்டம் போட்டு நீல மையைக் கலைத்துக்கொண்டிருந்தது. சிவமலர் ஒரு பின்னேரம் முழுக்கக் குந்தியிருந்து கீறிய படம் அது. அதைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது பயமில்லை, கோபம். கோப்பையை எடு என்று வாய்வரை வந்தது.

அவன் எங்கள் பக்கத்து இராணுவ முகாமின் அதிகாரி. முப்பது வயதிருக்கும். சட்டை மடிப்புக் கலையாமல், நகங்கூட ஒழுங்காக வெட்டி, வெகு சுத்தமாக இருந்தான். தமிழ் நன்றாகப் பேசினான், ஆனால் புத்தகத் தமிழ். மேசைக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். சிவமலரைக் காணவில்லை. பக்கத்து அறையில் இருக்கிறாள் என்று மட்டும் சொன்னார்கள். அந்த அறைக் கதவு சாத்திக் கிடந்தது.

"ஆசிரியை, இது எந்த இடத்தின் படம்?" என்று கேட்டான்.

"உகண்டா" என்றேன்.

அவன் காவலுக்கு நின்றவனைத் திரும்பிப் பார்த்து அதைச் சிங்களத்தில் சொன்னான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"டீச்சர், ஏன் கிழமைக்குக் கிழமை யாரையாவது ஏசிக்கொண்டே இருக்கிறீர்கள்?" என்று இந்த இதழின் வாசகி ஒருத்தி எனக்கு எழுதியிருந்தா. நியாயமான கேள்வி. இந்தத் தொடரில் அதிகாரிகளை ஏசியிருக்கிறேன், நிவாரணம் கொடுக்க வந்து படம் எடுத்துக்கொண்டு போனவர்களை ஏசியிருக்கிறேன், என் சொந்தச் சிற்றப்பாவைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனாலும் ஒரு ஆள் மிச்சம். அந்த ஆளிடம் வருவதற்கு முதல் இந்தப் படத்தின் கதையைச் சொல்லவேண்டும்.

சனிக்கிழமை வகுப்பு

நான் கல்லடிக்காரி. முதல் நியமனம் களுதாவளைப் பக்கம் ஒரு பாடசாலையில் கிடைத்தது. பஸ் ஓடினால் ஓடும், ஓடாவிட்டால் கேட்க ஆளில்லை என்ற யுத்த காலம். ஆகவே அங்கேயே ஒரு வெற்றிலைத் தோட்டத்து வீட்டில் அறையெடுத்துத் தங்கிவிட்டேன்.

சனிக்கிழமைகளில் உயர்தரப் பரீட்சை எழுதும் தொண்டர் ஆசிரியைகளுக்குப் புவியியல் வகுப்பு எடுத்தேன். தொண்டர் ஆசிரியை என்றால் வேலை முழுதாக இருக்கும், பதவி இருக்காது. ஆசிரியர்கள் போக மறுத்த பள்ளிக்கூடங்களை இந்தப் பெண்கள்தான் இழுத்துப் பிடித்து நடத்தினார்கள். உயர்தரத்தில் சித்தியடைந்தால் நிரந்தர நியமனம் என்று அந்த வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. இத்தனை வருடம் படிப்பித்தவளிடம், நீ படித்தவள்தானா என்று கேட்கும் சுற்றறிக்கை. அதை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

சிவமலர் வாவிக்கு அக்கரையில், மண்டூரில் இருந்து வருவாள். அவளுக்கு இருபத்தாறு, எனக்கு இருபத்தெட்டு. டீச்சர் என்று கூப்பிட்டாலும் சிநேகிதி மாதிரித்தான். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை, ஆயுதம் ஏந்திய இயக்கத்தின் கையில் இருந்தது. இந்தப் பக்கம் எழுவான்கரை, இராணுவத்தின் கையில். இரண்டுக்கும் நடுவில் பாதை ஓடியது. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் ஊரில் பாதை என்றால் பலகை அடித்த பெரிய மிதவை. சைக்கிள், மாடு, நெல்மூட்டை, கலியாணப் பெண் என்று எதையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும்.

இக்கரைத் துறையில் சோதனைச்சாவடி. அங்கே அவிழாத முடிச்சு இல்லை. சோற்றுப் பார்சலைக்கூடக் குத்திப் பார்ப்பார்கள். சிவமலர் சனிக்கிழமை தோறும் அதைத் தாண்டி வந்து, முன்வரிசையில் இருந்து, ஈரமான பாவாடைக் கரையைப் பிழிந்தபடி கேள்வி கேட்பாள்.

உகண்டாப் பாடம் தொடங்கிய நாள் நினைவிருக்கிறது. அங்குள்ளவர்கள் வாழைக்காயை அவித்து மசித்து அதையே சோறு மாதிரிச் சாப்பிடுவார்கள் என்று சொன்னேன்.

"மூண்டு நேரமும் வாழைக்காயா டீச்சர்?" என்றாள் சிவமலர். "எங்கட மாமிக்கிட்டச் சொல்லிராதீங்க. மறுகா ஊட்டில சோறே ஆக்கமாட்டா."

வகுப்பே சிரித்தது. அந்த நாட்களில் பன்னிரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் சிரிப்பது இலேசில் கிடைக்கிற விஷயமில்லை.

நான் போட்ட விதி

பெயரில்லாப் படம் என்பது என்னுடைய கண்டுபிடிப்பு.

பரீட்சையில் வெறும் படத்தைத் தந்து, இடங்களை அடையாளங்காணச் சொல்வார்கள். அதற்குப் பழக்க ஒரு விதி போட்டேன். ஒவ்வொருவரும் வீட்டில் ஒரு படம் கீறிக்கொண்டு வரவேண்டும். தலைப்பு எழுதக்கூடாது, ஒரு ஊரின் பெயரும் எழுதக்கூடாது. புள்ளி, முக்கோணம், கோடு, அவற்றுக்குப் பக்கத்தில் இலக்கம், அவ்வளவுதான். வகுப்பில் படங்களை மாற்றிக்கொள்வார்கள். ஒருத்தி கீறியதை மற்றவள் கண்டுபிடிக்க வேண்டும். பெயரெழுதிக்கொண்டு வந்தவளை எழும்ப வைத்து ஏசியிருக்கிறேன்.

படி எடுக்கிற தாள் கடைகளில் இல்லை. கடதாசியில் தேங்காயெண்ணெய் பூசிக் காயவைத்தால் அடியில் இருப்பது தெரியும். அதுவும் நான் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஏன் உகண்டா? பாடத்திட்டத்தில் கிழக்காபிரிக்க நாடொன்று படிக்க வேண்டும் என்று இருந்தது. அதைவிட, இலங்கைப் படத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும். "ஆபிரிக்கா எண்டா ஆருக்கு என்ன? பயமில்லாமக் கீறுங்க" என்று சொன்னவள் நான்.

இப்போது நீங்கள் சாவடியில் நிற்கும் சிப்பாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கரையில் இருந்து வரும் ஒரு இளம்பெண்ணின் பைக்குள் எண்ணெய்த் தாள் இருக்கிறது. அதில் பெரிய நீர்ப்பரப்பு ஒன்று. அதற்கு மேலே விரல் விரலாகப் பிரிந்த இன்னொரு நீர்ப்பரப்பு, கியோகா வாவி. நைல் நதி வெளியேறும் இடத்தில் ஒரு அணைக்கட்டு, ஓரமாக ஒரு தண்டவாளம், சிவப்புப் புள்ளிகள், முக்கோணங்கள். எங்கேயும் ஒரு பெயர் கிடையாது. வெறும் இலக்கங்கள்.

ஜிஞ்சா அணைக்கட்டைக் கல்லடிப் பாலம் என்றார்கள். எல்கன் மலையின் முக்கோணத்தை முகாம் என்றார்கள். அந்தச் சிப்பாயை நான் இதற்காக ஏசமாட்டேன். ஆனால் சிவமலர் அழுதழுது சொன்னதைக் கேட்டு, ஒருவனை அரை மணித்தியாலம் சைக்கிளில் அனுப்பி வகுப்பில் விசாரித்திருக்கலாம். ஒரு படத்தைப் பார்த்துச் சந்தேகப்பட நேரமிருந்தவர்களுக்கு ஒரு வார்த்தை விசாரிக்க நேரமிருக்கவில்லை.

ஒரே ஒரு அட்லஸ்

செய்தி கொண்டு வந்தவர் பாதை ஓட்டும் சின்னத்தம்பி அண்ணன். ஈரச் சாரத்தோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், மண்டூர்ப் புள்ளயப் புடிச்சிட்டானுகள். பைக்குள்ள மெப் இருந்ததாம். பாதையில வந்த முழுப்பேரையும் குந்த வெச்சிட்டு, அவளை மட்டும் ஏத்திக்கொண்டு போறானுகள்."

"என்ன மெப்?"

"வாவிட மெப் எண்டுறானுகள். அவள் என்னவோ ஆபிரிக்கா ஆபிரிக்கா எண்டு கத்துறாள். எனக்கு ஒண்டும் விளங்கல்ல டீச்சர். நீங்கதான் போகணும்."

எனக்கு விளங்கியது.

நேரே பாடசாலை அதிபரிடம் ஓடினேன். அவர் சனிக்கிழமைகளிலும் தன் கந்தோர் அறையைத் திறந்து வைத்திருப்பார்.

"டீச்சர், நீங்க புதுசு. இதுக்குள்ள தலையப் போடாதீங்க" என்றார். "திங்கட்கிழமை மேலிடத்தில சொல்லிப் பாப்பம்."

"திங்கட்கிழமை வரைக்கும் அவள் அங்க இருக்கிறதா சேர்?"

"அவள் எங்கட இஸ்கூல் புள்ளயும் இல்லயே."

சரி, அட்லசையாவது தாருங்கள், இது உகண்டா என்று காட்டுகிறேன் என்றேன். பாடசாலையில் ஒரே ஒரு அட்லஸ்தான் இருந்தது. அலுமாரித் திறப்பை எடுத்தவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"துலைஞ்சா நான்தான் பதில் சொல்லணும்."

ஒரு கொப்பியில் கையெழுத்து வாங்கினார். பேனையில் மை இறங்கவில்லை. மேசை லாச்சியை இழுத்து வேறு பேனை தேடினார். அங்கே ஒரு பெண் முகாமுக்குள் இருக்கிறாள், இங்கே இந்த மனிதர் பேனை தேடுகிறார். அட்லஸ் துலைந்தால் பதில் சொல்ல வேண்டும், சிவமலர் துலைந்தால் பதில் சொல்லத் தேவையில்லை. பிற்காலத்தில் அவருக்குச் சேவைநலன் பாராட்டு விழா வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. கிழித்துப் போட்டேன்.

மூன்று தலைப்பு

அட்லசை விரித்து அதிகாரியின் முன்னால் வைத்தேன். அவன் கோப்பையை எடுத்துத் தள்ளி வைத்தான். எண்ணெய்த் தாளை உகண்டாவின் மேல் பிடித்துப் பார்த்தான். எல்லை எல்லையோடு பொருந்தியது. ஒன்றாம் இலக்கம் என்ன என்றான். கம்பாலா என்றேன். இரண்டு? என்டபே. மூன்று? ஜிஞ்சா. விரலை வைத்து வைத்து எல்லாவற்றையும் சரிபார்த்தான்.

"உண்மைதான். இது உகண்டா" என்றான்.

அட்லசை மூடக் கை வைத்தேன். அவன் மூட விடவில்லை.

"படத்தை யாரும் பார்த்துக் கீறலாம். படித்தவள் என்றால் நாட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். அவளிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். இப்போது உம்மிடம் கேட்பேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் நீர் அவளைக் கூட்டிக்கொண்டு போகலாம்."

லாச்சியில் இருந்து ஒரு தாளை எடுத்துத் தன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தான். மூன்று தலைப்பு. புவியியல், மக்கள், அரசாங்கம்.

இலேசான பரீட்சை என்று நினைத்தேன். புவியியலைக் கேட்டான். கடல் இல்லாத நாடு, உயர்ந்த மேட்டுநிலம், பூமத்திய கோடு தெற்கே ஊடறுத்துப் போகிறது, மேற்கே ருவென்சோரி மலை, கிழக்கே எல்கன் என்றேன். சரி போட்டான். மக்களைக் கேட்டான். தெற்கில் பகண்டா, வடக்கில் அச்சோலி, லாங்கோ, கோப்பியும் பருத்தியும் பயிரிடுவார்கள் என்றேன். சரி போட்டான். வாழைக்காய் சாப்பிடுவார்கள் என்றும் சொன்னேன். அவன் தாளைப் பார்த்து, "அவளும் சொல்லியிருக்கிறாள்" என்று சிரித்தான்.

"இப்போது அரசாங்கம். சுதந்திரத்துக்குப் பிறகு அங்கே இராணுவம் என்ன செய்தது?"

நான் வகுப்பில் சொல்லி எழுதுவித்த குறிப்பு எனக்கு வரிக்கு வரி தெரியும். இராணுவத் தளபதி ஆட்சியைப் பிடித்தான். ஆயிரக்கணக்கில் சனங்களைக் கொன்றார்கள். தலைமுறையாக அங்கே வாழ்ந்த ஆசியரைப் பிறத்தியார் என்று சொல்லித் தொண்ணூறு நாள் தவணையில் துரத்தினார்கள். இதைச் சொன்னபோது, "அங்கயுமா டீச்சர்?" என்று சிவமலர் கேட்டாள். "எழுது" என்றேன், அவ்வளவுதான்.

இப்போது எனக்கு முன்னால் சீருடை இருந்தது. மேசை ஓரத்தில் உறையோடு கழற்றி வைத்த துவக்கு இருந்தது. தாளில் இருந்து தேங்காயெண்ணெய் மணம் வந்துகொண்டிருந்தது.

"நாட்டில் குழப்பம் இருந்தது, சேர்" என்றேன். "இராணுவம் வந்து ஒழுங்கை ஏற்படுத்தியது."

"ஆசியர்கள்?"

"அவர்கள் தாங்களாகவே வெளியேறிப் போனார்கள்."

ஒருவரும் என்னை அடிக்கவில்லை. மிரட்டவுமில்லை. கேட்காமலே வாரிக் கொடுத்தேன். சொல்லும்போது, கெட்டிக்காரத்தனமாகப் பேசி அவளை வெளியே எடுக்கிறேன் என்றுகூட நினைத்தேன். அவளும் அவனுக்குப் பிடித்த மாதிரித்தான் சொல்லியிருப்பாள் என்று எப்படி நம்பினேனோ தெரியாது.

அவன் பேனையை வைத்துவிட்டுத் தாளை வாசித்தான். "இராணுவம் மக்களைக் கொன்றது. சொந்த நாட்டு மக்களை அந்நியர் என்று சொல்லித் துரத்தியது." தலையை நிமிர்த்தினான். "இதை நீர் படிப்பித்தீரா?"

தப்ப இன்னும் இடம் இருந்தது. ஓம், நான்தான், பயத்தில் மாற்றிச் சொன்னேன், அது உலகத்துக்கே தெரிந்த சரித்திரம் என்று சொல்லியிருக்கலாம். அட்லஸ் மேசையில் கிடந்தது. என் குறிப்புக் கொப்பி பாடசாலையில் கிடந்தது.

"இல்லை, சேர். நான் அப்படிப் படிப்பிக்கவில்லை."

"அப்படியென்றால் அக்கரையில் அவளுக்கு யார் படிப்பித்தது?"

அவன் அட்லசை மூடி, இரண்டு கையாலும் மரியாதையாகத் திருப்பித் தந்தான். என்னைப் போகச் சொன்னான். நான் போனேன். அட்லசை அதிபரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் பக்கங்களைத் தட்டிப் பார்த்துவிட்டு என் கையெழுத்தை வெட்டினார்.

பதினாறு நாள்

பதினாறு நாள் வைத்திருந்தார்கள்.

அவளது அம்மா தினமும் முதற் பாதையில் வந்து, முகாம் வாசலுக்கு எதிரே பூவரச மரத்தடியில் குந்தியிருந்துவிட்டுக் கடைசிப் பாதையில் போவா. பாதையில் அவவிடம் கூலி வாங்குவதில்லை என்று சின்னத்தம்பி அண்ணன் சொன்னார். பாதை ஓட்டுகிற மனிதருக்கு இருந்தது எங்கள் கந்தோரில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

நான் என்ன செய்தேன்? தினமும் வகுப்பு எடுத்தேன். ஒரு நாள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று குறிப்புக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு முகாம் சந்திவரை போனேன். பூவரச மரத்தடியில் அந்த அம்மா இருந்தா. என்னைக் கண்டதும் எழும்பி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, கையெடுத்துக் கும்பிட்டா. மகளுக்காக முகாமுக்குள் போன ஒரே ஆள் நான்தானே. நான் அப்படியே திரும்பி வந்துவிட்டேன்.

புவியியல் வினாத்தாள் அந்தப் பதினாறு நாளுக்குள் வந்து போனது. பரீட்சை மண்டபத்தில் அவளது மேசையில் சுட்டெண் ஒட்டியிருந்தது. கதிரை காலியாக இருந்தது. அன்று பின்னேரம் கல்லடிக்கு இடமாற்றம் கேட்டு எழுதினேன். அதிபர் மிகச் சந்தோஷமாகச் சிபாரிசு செய்தார்.

அக்கரையில்

விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு நாலாம் நாள் மண்டூருக்குப் போனேன். முற்றத்தில் பாயில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சிவமலர் நிழலில் இருந்து கோழி துரத்திக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அந்த விரல்களை நினைக்கும் போதெல்லாம் அந்த அதிகாரியின் சுத்தமான நகங்கள் எனக்கு ஞாபகம் வரும். அவன் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கக்கூடாது என்று இன்றைக்கும் மனமாரச் சபிக்கிறேன்.

"இரிங்க டீச்சர்" என்று பலகையைத் துடைத்துப் போட்டாள். அம்மா தேத்தண்ணி கொண்டு வந்து தந்தா.

"ஒரே கேள்விதான் டீச்சர்" என்றாள் சிவமலர். "ஆமி சனத்தைக் கொலை செஞ்ச கதையை ஆரு படிப்பிச்ச? இதைத்தான் கேட்டுக் கேட்டு இருந்தான். எங்கட டீச்சர்தான் எண்டன். உங்கட டீச்சர் இல்லெண்டு சொல்லிட்டா எண்டான்."

நான் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் நம்புவனா? டீச்சர் அப்பிடிச் சொல்லமாட்டா, நீதான் பொய் சொல்றாய் எண்டு அவன்ட முகத்துக்கு நேர சொல்லிட்டன். இயக்கம் படிப்பிச்சதெண்டு சொல்லு, விட்டிர்றன் எண்டு மறுகா மறுகாச் சொன்னான். நீங்க உண்மையைச் சொல்லியிருக்க, நான் அப்பிடிச் சொன்னா உங்களைப் பொய்க்காரி ஆக்கிறதல்லோ? பதினாறு நாளும் டீச்சர்தான் எண்டே சொன்னன்."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நான் சொன்னது சரிதானே டீச்சர்?"

"சரி" என்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். கடைசிப் பாதைக்கு முதல் எழும்பி வந்துவிட்டேன்.

அடுத்த வருடம் அவள் பரீட்சை எழுதவில்லை, அந்தக் கையால் மூன்று மணித்தியாலம் எழுத முடியாது. நிரந்தர நியமனப் பட்டியல் வந்தபோது அவள் பெயர் இல்லை. தொண்டர் ஆசிரியையாகவே பல காலம் படிப்பித்துவிட்டு விட்டுவிட்டாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் எனக்கு ரெலிபோன் எடுப்பாள். பிள்ளைகளிடம் போனைக் கொடுத்து, "எங்கட டீச்சர், கதைங்க. எனக்காக ஆமிக் கேம்புக்குள்ள போன ஆள்" என்பாள். நானும் கதைப்பேன். இத்தனை வருடமும் வெட்கமில்லாமல் கதைத்திருக்கிறேன்.

அதிகாரியை ஏசுவது எனக்குச் சுகம். அதிபரை ஏசுவது அதைவிடச் சுகம். இரண்டு பேரும் அதற்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் அந்தப் படத்தை அட்லசின் மேல் பிடித்துப் பார்த்து, உண்மைதான் என்று அதிகாரி சொன்ன அந்த நிமிஷத்தில் சிவமலர் பாதி வெளியே வந்துவிட்டாள். அவளைத் திருப்பி உள்ளே தள்ளியது என் வாய்.

இந்தத் தொடர் வரும் இதழைத் தன் மகள் வாங்கிக்கொண்டு வந்து வாசித்துக் காட்டுகிறாள் என்று சிவமலர் போன பொங்கலுக்குச் சொன்னாள்.

சிவமலர், அந்தப் பதினாறு நாளில் அவன் உனக்கு எத்தனையோ பொய் சொல்லியிருப்பான். என்னைப் பற்றிச் சொன்னது பொய் இல்லை.